வன்னிக்குப் புதிதா? விளைவித்தவர் கைக்குக் காசு போய்ச் சேரும்படி சாமான் வாங்க ஒரு வழிகாட்டி

கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ இடமாற்றம் கிடைத்து வந்திருப்பீர்கள். அறிவியல் நகர் வளாகத்தில் படிக்க வந்து அறை எடுத்திருப்பீர்கள். அல்லது வெளிநாட்டிலிருந்து திரும்பி, மாங்குளம் பக்கம் பற்றையேறிக் கிடந்த பழைய காணியைத் துப்புரவாக்கிக் கொண்டிருப்பீர்கள். முதல் மாதச் சாமான் வாங்கப் போகும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். நாலு பக்கமும் வயல். ஆனால் கடைத் தட்டில் அடுக்கியிருக்கும் அரிசிப் பையில் வேறு மாகாணத்து ஆலையின் பெயர். இங்கே விளைந்த நெல்லில் ஒரு பெரும் பங்கு ஈரம் காயாமலே லொறி ஏறிப் போய், அரிசியாகத் திரும்பி வருகிறது. போகும்போது கமக்காரருக்குக் கிடைத்த விலை ஒன்று, வரும்போது நாம் கொடுக்கும் விலை வேறொன்று.

நடுவில் உள்ள அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைத்து வாங்க முடியும். அதற்குக் கூடுதல் காசு தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். சில சாமானுக்குத் தேவை, சிலதுக்குத் தேவையில்லை. கேட்டு வாங்கும் பழக்கம்தான் முக்கியம்.

1. முத்திரையை எங்கே தேடுவது, எங்கே தேடக்கூடாது

பொதிகளில் காணும் நியாய வணிக (Fairtrade) முத்திரை 1988 இல் நெதர்லாந்தில், மெக்சிக்கோவின் சிறு கோப்பி விவசாயிகளுக்காகத் தொடங்கிய ஒன்று. பல நாடுகளில் இருந்த இப்படியான அமைப்புகள் 1997 இல் ஒரே குடையின் கீழ் வந்தன. ஏற்பாடு இதுதான்: சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும், பெரும்பாலான பொருட்களுக்கு ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. அதற்கு மேல் ஒரு சிறு தொகை விவசாயிகளின் சங்கத்துக்கோ தொழிலாளர் குழுவுக்கோ போகும். அதைப் பள்ளிக்கூடத்துக்குச் செலவழிப்பதா கிணறு வெட்டுவதா என்பதை அவர்களே முடிவெடுப்பார்கள்.

இந்த முத்திரை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகும் பொருளுக்கானது. தணிக்கைக்குக் காசு, பதிவேடு, ஆள் எல்லாம் வேண்டும். ஒட்டுசுட்டானில் கச்சான் போடுகிறவரோ, பரந்தனில் மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி பண்ணும் நாலு பெண்களோ அதை எடுப்பார்கள் என்று காத்திருந்தால் ஒரு நாளும் வாங்க முடியாது. முத்திரை இல்லை என்பதால் அநியாயம் என்றும் ஆகாது.

வன்னி வீட்டில் இந்த முத்திரையைத் தேட வேண்டிய சாமான் தேயிலை. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களின் சொந்தக்காரர் இன்னும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். அந்தக் குடும்பம் ஒன்றின் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று கேட்காமல் குடிக்க எனக்கு மனம் வராது. கொழும்புக்குப் போய்வரும்போது முத்திரையுள்ள பொதி ஒன்றிரண்டு எடுத்து வரலாம்.

2. மூன்று கேள்வி

மற்றச் சாமானுக்கெல்லாம் முத்திரைக்குப் பதில் உங்கள் வாய்தான். மூன்று கேள்வி போதும்.

இது யார் செய்தது, எந்த ஊரில்? விற்பவருக்கு ஊர் தெரிந்தால் நல்லது, ஆளைத் தெரிந்தால் இன்னும் நல்லது. "எல்லாம் நம்மட ஆக்கள்தான்" என்பது பதில் இல்லை.

செய்தவருக்கு எப்போது காசு கொடுத்தீர்கள்? வன்னிச் சிறு உற்பத்தியாளரின் கழுத்தைப் பிடிப்பது குறைந்த விலையைவிட, வந்து சேராத காசுதான். பல கடைகள் சாமானை எடுத்து வைத்துக்கொண்டு விற்ற பிறகே காசு கொடுக்கும். ஒரு மாதம் இரண்டு மாதம் இழுபடும். அதற்கிடையில் அடுத்த தடவை உழுந்து வாங்கக் கைக்காசு இல்லாமல் சாமானைச் செய்த பெண் நுண்கடன் கம்பனியிடம் போவார். அந்தக் கடனின் கதையை இங்குள்ள எந்தக் கிராமத்திலும் கேட்கலாம்.

பழுதானால் யார் நட்டம்? காலாவதியான பொதிகளை அப்படியே செய்தவரின் தலையில் திருப்பிக் கட்டுகிற கடை, எவ்வளவு அழகாகப் பெயர்ப்பலகை வைத்திருந்தாலும் நியாயமான கடை இல்லை.

கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் இடமானால் நாலாவதாக ஒன்றும் கேட்கலாம்: பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாள் கூலியா? வயலிலும் தோட்டத்திலும் பெண்களுக்குக் குறைத்துக் கொடுப்பது இங்கே வழமை மாதிரி ஆகிவிட்டது. இதைப் பொலிஸ்காரர் மாதிரிக் கேட்கக்கூடாது. ஒரு தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதைத்து, அப்புறம் கேளுங்கள்.

3. அரிசியில் தொடங்குங்கள்

மாதச் செலவில் பெரிய உருப்படி அரிசி. மாற்றினால் இதை முதலில் மாற்ற வேண்டும்.

காலபோக அறுவடை தை கடைசியில் தொடங்கி பங்குனி வரை போகும். அந்த நேரம் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் போய்ப் பாருங்கள். தார் றோட்டின் ஒரு பாதியில் நெல் பரப்பியிருக்கும். ஒருவர் வெறுங்காலால் சால் விட்டுக் கிளறிக்கொண்டு நடப்பார். வாகனம் வந்தால் ஒதுங்குவார், போனதும் திரும்பவும் கிளறுவார். காய வைக்கத் தளம் இல்லாதவர்களின் தளம் அந்த றோட்டு. அதற்கும் வழியில்லாதவர் அறுத்த அன்றே பச்சை நெல்லாக வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார். உரமும் மருந்தும் அதே வியாபாரியிடம் கடனுக்கு எடுத்திருந்தால் விலை பேசவும் முடியாது. மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று வெட்டுவது வேறு.

அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லைத்தான் முழு விலைக்கு எடுக்கும். 2025 பெப்ரவரியில் 'நாடு' இன நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பழகுங்கள். 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும். நெல்லுக்கு 12,000 ரூபா போனால், அரிசி கிலோவுக்கு நெல் காசு மட்டும் 185 ரூபா அளவில் வந்து நிற்கும். அதற்கு மேல் அவியல் கூலி, மில் கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி, விற்பவரின் லாபம். தவிடு விற்ற காசு கொஞ்சம் திரும்பி வரும். விலை மாறினாலும் கணக்கு இதேதான். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், யாராவது இதற்கும் கீழே "நேரடியாகக் கமக்காரரிடமிருந்து" என்று அரிசி விற்கும்போது எங்கேயோ ஒருவர் வயிற்றில் அடி விழுந்திருக்கிறது என்று விளங்கும். மேலே எங்கேயோ நின்றால், நடுவில் நிற்பவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றும் விளங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். அலுவலகத்திலோ வகுப்பிலோ வயல் வைத்திருக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் சொல்லி, அறுவடைக்கு முன்பே இரண்டு மூடை நெல் பேசி வையுங்கள். முடிந்தால் பாதிக் காசு முற்பணம் கொடுங்கள். காயவைத்த நெல்லுக்குக் காயவைத்த விலை. தராசைப் பார்த்து நிறுங்கள், சாக்கு நிறையைத் தவிர வேறு கழிவு வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவித்துக் குத்துவதை ஊர் மில்லில் பார்த்துக்கொள்ளலாம். தனியாள் என்றால் நாலு பேர் சேருங்கள். பூச்சி பிடிக்கும் என்று பயந்தால் நெல்லாகவே வைத்திருந்து, மாதத்துக்குத் தேவையானதை மட்டும் குத்துவிக்கலாம்.

இரகத்தைப் பற்றியும் கேளுங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்று பெயர் வரும். பழைய இரகங்கள் விளைச்சல் குறைவு, சிலதுக்கு நாளும் கூட. அதனால் விலை கூடினால் முறைதான்.

4. எங்கே போவது

சங்கக் கடை என்று ஊரார் சொல்லும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் இருந்து தொடங்கலாம். எல்லாச் சங்கமும் ஒரே மாதிரி இல்லை. சிலதில் தென்னிலங்கைப் பிஸ்கட்டும் சவர்க்காரமும்தான் இருக்கும். சிலதில் உள்ளூர் மகளிர் சங்கங்களின் சாமானுக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருப்பார்கள். அந்தத் தட்டு இருக்கிறதா என்று பார்த்தால் சங்கத்தின் சீத்துவம் தெரிந்துவிடும்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்கிற இடம். குரக்கன் பிட்டும் உழுந்து வடையும் தின்னப் போங்கள். ஆனால் அங்கே பெரிய லாபம் வேறு. நல்ல குரக்கன் மா யாரிடம் எடுப்பது, எந்தச் செக்கில் எள்ளு ஆட்டுகிறார்கள், எந்த ஊர் உழுந்து சுத்தம் என்பதெல்லாம் அங்கே சமைக்கிற அக்காமாருக்கு அத்துப்படி. கூட்டம் குறைந்த பின்னேரத்தில் கேட்டால் ஆறுதலாகச் சொல்வார்கள்.

பொதுச்சந்தைக்கு விடியப் போனால் விவசாயி சாமான் இறக்கும்போதே பிடிக்கலாம். வடக்குச் சந்தைகளில் பத்துக்கு ஒரு கிலோ கழிவு வெட்டுவது பற்றி விவசாயிகள் நெடுநாளாகக் குறைப்படுகிறார்கள். நீங்கள் நேரே வாங்கினால் அந்த ஒரு கிலோவுக்கும் காசு கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முறிகண்டியைச் சொல்லாமல் விட முடியாது. ஏ9 வீதியில் போகும் வாகனமெல்லாம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்கும் இடம். இறங்கினால் கச்சான் வாசம். எல்லாக் கச்சானும் பக்கத்துக் காணியில் விளைந்தது என்று நினைக்காதீர்கள். கேட்டால் சொல்வார்கள்.

"அக்கா, இது எந்த ஊர்க் கச்சான்?"

"இப்ப ஒட்டுசுட்டான் கச்சான் தம்பி. இது முடிய வெளியால வாறதைத்தான் வறுப்பம். வேற என்ன செய்யிறது?"

"மூடைக் காசு கையோட குடுத்தோ எடுக்கிறியள்?"

"கையிலதான். கடனெண்டா அவை ஏன் எங்களுக்குத் தருவினம்?"

இரண்டு கேள்வியில் முழு வணிகமும் விளங்கிவிட்டது. இப்படிப் பதில் வரும் இடத்தில் ஒரு பைக்கு இரண்டு பை வாங்கலாம். தை, மாசியில் வந்தால் புதுக் கச்சான் கிடைக்கும்.

5. சாமானுக்குச் சாமான் கவனிக்க வேண்டியவை

பனங்கட்டியில்தான் ஏமாற்றும் கூட, உழைப்பும் கூட. சீவுகிறவர் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசாவிட்டால் கருப்பணி புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய அன்றே காய்ச்ச வேண்டும், விறகு மணிக்கணக்கில் எரியும். விழுந்து முதுகு முறிந்தவர்களையும், போரில் தோப்போடு அழிந்த மரங்களையும் கணக்கில் எடுத்தால், பனங்கட்டி வைக்கும் ஓலைக் குட்டானுக்குச் சொல்லும் விலையில் பேரம் பேச நாக்கு எழாது. சீனி கலந்த கட்டி பெரும்பாலும் வெளிறியிருக்கும், கடித்தால் நறநறக்கும். அசல் கட்டி கருமண்ணிறம். மாரியில் குட்டான் ஓலை ஈரமாகிக் கசியும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையத்தில் வாங்கினால் சீவல் தொழிலாளியின் சங்கத்துக்கே காசு போகும். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்த ஒடியலும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் அங்கேயே கிடைக்கும். கிழங்கு தை, மாசியில் கிண்டுவார்கள், ஒடியல் அதற்குப் பிறகு வரும்.

உழுந்து வவுனியாப் பக்கத்துப் பயிர். அறுக்கிற நேரம் மழை பிடித்தால் கறுத்துப்போகும். அந்த வருடம் உள்ளூர் உழுந்து கண்ணுக்கு அழகாக இருக்காது, வாங்கத் தயங்காதீர்கள். பூஞ்சணம் இல்லாவிட்டால் வடைக்கு ஒன்றும் குறையாது.

தேனுக்கு வீட்டுச் சோதனைகள் ஒன்றுக்கும் உதவாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்துவது எல்லாம் தடித்த சீனிப்பாகும் பாஸ் பண்ணும் பரீட்சை. தெரிந்த ஆளிடம் வாங்குவதைத் தவிர வழியில்லை. அடைக்குத் தீ வைத்து முழுதாக அழித்து எடுக்கிறாரா, கொஞ்சம் விட்டு எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக்கூடாது. பாலைப்பழத்துக்கும் இதே கேள்விதான். கொப்போடு முறித்து வந்து விற்பவரிடம் வாங்கினால் அடுத்த வருடம் அந்த மரத்தில் பழம் இருக்காது.

மீன் விடியற்காலைக் கரையில் வாங்குவது சிறந்தது. வெட்டும்போது முள் உள்ளே நொறுங்கி, சதையில் இரத்தம் கட்டியிருந்தால் அது வெடி போட்டுப் பிடித்த டைனமைற் மீனாக இருக்கக்கூடும். அந்த ஆளிடம் திரும்பப் போகாதீர்கள். கருவாடு மணலில் காய்ந்ததா, தட்டில் காய்ந்ததா என்று பாருங்கள்.

6. சிறு கம்பனிகளிடம் பொதியாக வாங்கும்போது

வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் வன்னிச் சாமான் என்று விற்கும் சிறு கம்பனிகள் இப்போது நிறைய. நல்லவையும் இருக்கின்றன, ஊர்ப் பெயரை மட்டும் ஒட்டி விற்பவையும் இருக்கின்றன. பொதியைத் திருப்பிப் பாருங்கள். செய்தவரின் பெயர் முகவரி, உள்ளடக்கம், நிறை, தொகுதி இலக்கம், செய்த திகதி, காலாவதித் திகதி, அதிகூடிய சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். "விநியோகம்" என்று ஒரு கொழும்பு முகவரி மட்டும் இருந்து செய்தவர் யாரென்று இல்லாவிட்டால், கூப்பிட்டுக் கேளுங்கள். ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாத கம்பனி ஊரைச் சொல்லும், சில வேளை "வந்து பாருங்கோ" என்றும் சொல்லும். சொன்னால் போய்ப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் பதிந்த வியாபாரப் பெயர் என்பது ஆள் உண்மையாக இருக்கிறார் என்பதற்குத்தான் அத்தாட்சி, நியாயமாக நடக்கிறார் என்பதற்கு இல்லை.

"ஓர்கானிக்" என்று போட்டிருந்தால் சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். அது மண்ணுக்கும் மருந்துக்குமான சான்று, கூலிக்கானது இல்லை. இன்னொன்று: 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியபோது விளைச்சல் விழுந்து கடனாளியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு "இயற்கை" என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற கமக்காரரைக் குறை சொல்ல முடியாது. யூரியா போட்டார் என்பதற்காக அவரிடம் வாங்காமல் விடுவதை நான் ஏற்க மாட்டேன். மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுத்தார் என்று கேட்பது உருப்படியான கேள்வி.

நிறை குறைவு, திகதி மாற்றி ஒட்டியது, போட்ட விலைக்கு மேல் விற்பது என்று எதுவும் கண்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வீட்டில் செய்யும் சிறு உற்பத்தியாளரிடம் லேபலில் ஒரு பிழை கண்டால் முதலில் அவரிடமே சொல்லுங்கள். பெரும்பாலும் அச்சகத்துப் பிழையாக இருக்கும். சிறு உற்பத்தியாளருக்கு உதவும் அரசின் விதாதா வள நிலையத்தில் பொதி செய்வதற்கும் லேபலுக்கும் ஆலோசனை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் சொல்லி விடுங்கள்.

7. உங்கள் பக்கம்

இவ்வளவும் கேட்டுவிட்டு, நீங்களே "மாதக் கடைசியில் தாறன்" என்றால் கேட்டதெல்லாம் வீண். கையோடு காசு கொடுங்கள். பொங்கல், வருடப்பிறப்புப் பார்சல்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி முற்பணம் போடுங்கள். கடைசி நாளில் ஐம்பது பொதி கேட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளும் இரவிரவாக இருந்து ஒட்ட வேண்டி வரும். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பப் பெருந்தொகை வாங்கும்போது கழிவு கேட்பது நம் ஆட்களின் பழக்கம். கேட்க வேண்டாம். பெரிய கட்டளை என்றால் செய்கிறவருக்கு விறகும் போத்தலும் ஆளும் கூடத்தான் வேண்டும்.

போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடிப் போத்தல் விலை சில வேளை உள்ளே இருக்கும் ஊறுகாயின் செலவுக்குக் கிட்ட வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற வெளிக்கிட்டால் களைத்து விட்டுவிடுவீர்கள். முதலில் அரிசி. அது பழகியதும் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும். மிளகாய்த்தூளுக்கு மிளகாயையும் மல்லியையும் நீங்களே வாங்கிக்கொண்டு போய் ஊர் மில்லில் அரைப்பித்தால், என்ன கலந்திருக்கிறது என்ற கவலையும் இல்லை. மில்லில் காலை நேரம் வரிசை நீளம். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் காத்திருக்க வேண்டியதில்லை.